மாடன் போக்கு

எங்கள் ஊரில் மாடனை நேரில் பார்த்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். இரண்டு பேர், என் அப்பாவும் மாமாவும், இறந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாறசாலையிலிருந்து உள்ளே வருகிற ரோடு ஒரு டீக்கடையோடு முடிந்துவிடும். அங்கிருந்து சரிவில் இறங்கினால் ஏலா. வயல்வெளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நெல் போய், பாத்தி எடுத்து வாழையும் மரச்சீனிக் கிழங்கும் வைத்து வெகு காலமாகிவிட்டது. பாத்திகளுக்கு நடுவே சேறும் தண்ணீரும். ஏலாவைத் தாண்டினால் ஒரு சின்னக் குன்று, அதன் மேல் ஏழு வீடுகள். எங்களுடையது ஏழாவது.

ஏழு வீட்டில் விளைந்தது எல்லாமே தலைச்சுமையாக வரப்பு வழியேதான் அக்கரை சேரும். வரப்பில் கால் வழுக்கினால் வாழைக்குலை அடிபடும், அடிபட்ட காய் மறுநாள் கறுத்துவிடும். சந்தையில் வியாபாரி தூரத்திலிருந்தே பார்த்து, "ஏலா கடந்த குலையாக்கும்" என்று ஒதுக்கி வைப்பார். ரோட்டோரத் தோட்டத்துக் குலைக்கு ஒரு விலை, எங்கள் குலைக்கு வேறொரு விலை. இரண்டும் ஒரே ஏத்தன் வாழைதான். மழை நாளில் அம்மா பாலோடு போய்ச் சேருவதற்குள் சொசைட்டியில் அளந்து முடித்திருப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மோருக்குப் பஞ்சமே இல்லை.

ரோடு வரும் என்றார்கள். வந்தும் இருந்தது, பாதி. டீக்கடையிலிருந்து செம்மண்ணும் ஜல்லியுமாகச் சரிவில் இறங்கி, ஏலாவின் விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டது. ஆனால் டீக்கடைக்கு எதிரே நட்டிருந்த பலகையில் மட்டும் அது முழுசாகக் குன்று வரைக்கும் போயிருந்தது. வேலை முடிந்தது என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்கள் அதைச் சத்தம் போட்டு வாசிப்போம். எங்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பலகைக்கு ஒரு ரோடு, கால்களுக்கு ஒரு வரப்பு என்று இருந்துவிட்டோம்.

அது மார்கழி. விடிந்துகொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் வந்ததே தவிர எதுவும் தெரியவில்லை. அவ்வளவு பனி. அப்பா ஒரு குலையோடு முன்னால், மாமா ஒரு குலையோடு பின்னால், நடுவில் பால் தூக்கோடு நான். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பாதி வரப்பு கடந்ததும் அப்பா நின்றார்.

பனிக்குள், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மஞ்சளாக இரண்டு வெளிச்சங்கள். அருகருகே, அசையாமல். அங்கே வீடு கிடையாது, வழி கிடையாது. நண்டு பிடிக்கப் போனால் முட்டு வரை புதைகிற இடம் அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து ஒரு பெண்குரல் பேசியது. யாரையும் கூப்பிடுகிற குரலாக இல்லை. யாருக்கும் பதில் சொல்கிற குரலாகவும் இல்லை. ஏற்ற இறக்கமில்லாமல், மூச்சு விடாமல், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

"அத்தான், திரும்பீருவோம். மாடனாக்கும். இது போக்கு உள்ள இடம்" என்றார் மாமா.

போக்கு என்றால் மாடன் போய்வருகிற தடம். அதில் குறுக்கே நின்றவர்கள் ரத்தம் கக்குவார்கள் என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அப்பா மாடனுக்குப் பயப்படுகிறவர் இல்லை. காஞ்சிர மரத்தடியில் மாடனுக்குப் படைத்த பழத்தைப் பசிக்கிறது என்று எடுத்துத் தின்றவர். அன்றைக்கு அவர் குலையை இறக்கி வரப்பில் வைத்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கண்ணை வெளிச்சத்திலிருந்து எடுக்காமலே வைத்ததில் குலை சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுக்கவில்லை.

"வந்துட்டுது" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "வந்துட்டுது."

பிறகு வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்தார். தனியாக நிற்பது அதைவிடப் பயமாக இருந்ததால் நாங்களும் போனோம்.

அது ஒரு பிக்கப் வண்டி. முன்சக்கரங்கள் முழுக்கப் புதைந்து, மூக்கைச் சேற்றில் வைத்துப் படுத்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லை. மிதிகட்டைப் பக்கம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பின்னால் வைக்கோல் பரப்பிய காலிப் பெட்டிகள்.

டிரைவர் சற்றுத் தள்ளி ஒரு பாத்தியின் மேல் குந்தியிருந்தார். நெஞ்சு வரை சேறு. பனிக்குள்ளிருந்து நாங்கள் மூன்று பேரும் வருவதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். எங்களைத்தான் அவர் மாடன் என்று நினைத்திருக்கிறார்.

மார்த்தாண்டம் பக்கத்து ஆள். சந்தைக்குப் போய் வாங்குவதைவிடத் தோட்டத்து வாசலிலேயே அடிபடாத குலையாக எடுக்கலாம், நல்ல விலையும் கொடுக்கலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார். பேச ஆரம்பித்ததும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"போர்டுல ரோடு உண்டுன்னுதானே அண்ணாச்சி போட்டிருக்கு? நம்பி எறக்கினேன். ரோடு எங்க? நான் விடமாட்டேன். போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். பனி விலகுறதுக்குள்ள வண்டிய நான் எடுத்துத் தாறேன். யாருகிட்டயும் போவாண்டாம்."

மாமா ஓடிப்போய் அம்மாவையும் வெட்டுகத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டி கிடந்த இடத்துக்குப் பக்கத்துப் பாத்தி எங்களுடையது. இரண்டு வரிசை ஏத்தன், குலை தள்ளி, இன்னும் ஒரு மாதத்தில் வெட்ட வேண்டியது. அப்பா முதல் வாழையை வெட்டினார். குலையோடு சாய்ந்தது. அம்மா "அய்யோ" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளும் இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள். வாழை வாழையாகச் சாய்த்து, சக்கரத்துக்கு அடியிலும் பின்னாலும் நெருக்கமாக அடுக்கினார்கள். நான் சருகு பொறுக்கிப் போட்டேன். வண்டி உறுமியது, தண்டுகள் நசுங்கிப் பால் பீய்ச்சியது, மறுபடி சரிந்தது. இன்னும் வெட்டினார்கள். சேற்றிலிருந்து பச்சைக் காய்கள் யாரோ புதைந்து கிடந்து விரலை நீட்டுவது போல எழும்பி நின்றன. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தேன்.

கடைசியில் வண்டி தண்டுகளின் மேல் பின்னோக்கி ஊர்ந்து, ஜல்லியைத் தொட்டு, சரிவில் ஏறி மறைந்தது. எங்கள் ஏலாவில் முதன்முதலாக ஒரு வண்டி ஓடியது அப்படித்தான். அந்த டிரைவர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

பனி மெலிய ஆரம்பித்திருந்தது. அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். வாழைக்கறை பட்டு அவர் கைகள் கறுத்திருந்தன.

"மக்கா, நீ என்னத்தக் கண்டே?"

"வண்டி."

"இல்ல. மாடனக் கண்டே. ரெண்டு கண்ணு எரிஞ்சுது. பொம்பளச் சத்தம் கேட்டுது. வாழைய எல்லாம் மிதிச்சுப் போட்டுட்டுப் போச்சு. கேட்டியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு அது பெரிய பொய்யாகவே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச நேரம் முன்பு வரை நான் மாடனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? பள்ளிக்கூடத்தில் சொன்னேன். டீக்கடையில் நிறுத்திக் கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கூடியது: கால் தரையில் படவில்லை, கரிந்த வாசம் அடித்தது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அழிந்து கிடந்த பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னை நம்பாமல் என்ன செய்வார்கள்? ஏலாக் கரையில் விளக்கு வைத்தார்கள். வெயில் ஏறும் முன் ஏழு வீட்டில் ஒருவரும் வரப்பில் கால் வைக்கவில்லை. குலைகள் சந்தைக்குப் போய்ச் சேரும்போது வெளியூர் லாரிகள் கிளம்பிப் போயிருக்கும். மிச்சம் நிற்கிற வியாபாரி சொன்னதுதான் விலை.

பனி விழுகிற காலைகளில் ஏலாவுக்குள் ஓர் இரைச்சல் கேட்பதாகச் சிலர் சொன்னார்கள். பாரம் ஏற்றிய வண்டி ஒன்று குன்றுப் பக்கம் ஏறி வருவது போல. எனக்கு உண்மை தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை நானும் கேட்டேன். வாசல் வரைக்கும் போய் நின்று கேட்டேன்.

வெயில் காலத்தில் ஓர் ஆபீசர் பைலோடு வந்தார். யாரோ, வேறெங்கோ இருந்து, ரோட்டைப் பற்றி மனு அனுப்பியிருக்கிறார்கள். ஜல்லி முடிகிற இடத்தில் எல்லோரும் கூடினோம். காண்ட்ராக்டர் கொஞ்சமும் தயங்கவில்லை. குன்று வரைக்கும் ரோடு போட்டதாகவும், அத்தனையும் சேற்றில் தாழ்ந்து போய்விட்டதாகவும் சொன்னார். "இங்க ஒண்ணும் நிக்காது சார். ஊர்க்காரங்களக் கேளுங்க."

ஏலாவுக்குள் மண் அடித்ததை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஒன்றும் நிற்காது என்பதை எல்லோரும் நம்பினார்கள். தலையாட்டினார்கள். யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள்.

"மோள் எந்தா கண்டது?" என்று, மகள் என்ன பார்த்தாள் என்பதை ஆபீசர் மலையாளத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பெண்குரல் வந்த இடத்தில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வரப்பில் இறங்கி அளந்து பார்க்க டேப் கொண்டுவந்திருந்தார். அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நின்ற இடத்தில் நின்றே எழுதினார். படித்தவர், மாடன் என்று எழுதவில்லை. மண் ரோட்டைத் தாங்காது என்று எழுதினார். எனக்குப் பின்னால் நின்ற அப்பாவின் கை என் தலையில் இருந்தது. ஆபீசர் பைலை மூடும் வரை அதை எடுக்கவில்லை. மகளை நினைத்துப் பூரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், அப்பா காலமாகி வெகு நாளைக்கு அப்புறம், அம்மா சொன்னாள். ஏழு வீட்டிலும் பத்தாம் வகுப்பு தேறியவர் அப்பா ஒருவர்தான் என்பதால் ரோட்டுக் கமிட்டிக்கு அவரைக் கன்வீனராகப் போட்டிருக்கிறார்கள். மார்ச் முடிகிற நேரத்தில் காண்ட்ராக்டர் காகிதங்களோடு வந்திருக்கிறார். வேலை முடிந்தது என்று இப்போது கையெழுத்துப் போட்டால் பணம் வரும், மழைக்கு முன்னால் மீதி ரோட்டைப் போட்டுவிடலாம், இல்லையென்றால் பணம் திரும்பிப் போய்விடும். அப்பா போட்டுவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை, ரோடு வரும் என்று நம்பினார். மழை வந்தது. ரோடு வரவில்லை. பனிக்குள் அந்த இரண்டு விளக்குகளைக் கண்டபோது, தன் கையெழுத்தை நம்பி யாரோ வந்துவிட்டார்கள் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் புரிந்திருக்கிறது.

ஆபீசர் எழுதிய ஒரு வரியைத் தாண்டி ரோடு வர, நான் கல்லூரி முடிக்கும் வரை ஆனது. அதற்குள் மாமா பூவாரில் படகு ஓட்டப் போய்விட்டார். மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அன்று ஆபீசர் போன பிறகு, ஆறாவது வீட்டு மாமி என் முகவாயைப் பிடித்துக் கொஞ்சினார். டீக்கடைப் பக்கமிருந்து மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப நின்றவர்.

"மக்கா, நீ மட்டும் தைரியமாச் சொல்லலேன்னா அந்த ஆளு நம்ம எல்லாரையும் கள்ளம் சொல்லுதவங்கன்னு எழுதிட்டுப் போயிருப்பான்" என்றார். பிறகு சாக்குக்கு முன்னால் குந்தி, தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, "ஒரு கை பிடி மக்கா" என்றார்.

நான் இரண்டு கையாலும் பிடித்தேன். சாக்கு தலையில் ஏறியதும் அவர் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது. எழுந்து, கால் விரல்களால் வரப்பைத் தடவிப் பார்த்து, மெதுவாக நடந்தார். அவ்வளவு பெரிய சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டது நான்தான் என்று அங்கே நின்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.