இருசப்பனுக்கு ஆண் வாரிசு இல்லை

முப்பத்தைந்து வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். பெயர் வெங்கடேசன். முட்டி போய்விட்டது, கண்ணும் பாதி போய்விட்டது. எல்லாமே செல்போனில் வந்துவிட்டது என்கிறார்கள். செல்போனில் மனு போட்டுவிட்டு, அதற்கு வந்த பதில் என்னவென்று கேட்க என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

பச்சமுத்து முதல் தடவை வந்தது போன ஆனி மாதம். ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும், பார்த்தால் எனக்கு அண்ணன் மாதிரி இருந்தார். கல்வராயன் மலைமேல் பிறந்தவர். இளவட்டமாக இருந்தபோது குடகுக்குக் காப்பி பறிக்கப் போனார். திரும்பி வந்த கொஞ்ச நாளில் அப்பா இருசப்பன் செத்துப்போக, கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு அடிவாரத்துக்கு இறங்கி, கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு கூரை வீட்டில் தங்கிவிட்டார். மனைவி போய்ச்சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ரம்யா. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண், நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிடும். ஆனால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். கடைசித் தேதிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

ரம்யா பிறந்தது கீழே, படித்தது கீழே. அப்பாவோ தாத்தாவோ மலையில் இருந்ததற்கு ஒரு காகிதம் கொண்டுவாருங்கள் என்றார் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி அம்மா. அவர் கேட்டது நியாயம்தான். காகிதத்துக்கு எங்கே போவது? ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்தில் யாருக்குப் பட்டா இருந்தது? பச்சமுத்து பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்காதவர். கூடப்பிறந்தவர்களும் கிடையாது. ஒரே சித்தப்பா குடகிலேயே தங்கிவிட்டார்.

அந்த மனிதர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு மலைக்கு பஸ் ஏறுவார், சொந்தக்காரர் வீட்டுப் பரணையெல்லாம் துழாவுவார், கிடைத்ததை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வருவார். ஒரு தடவை கல்யாண போட்டோ ஒன்று வந்தது. இருசப்பன் நின்ற இடத்தைக் கரையான் தின்றுவிட்டது, ஒரு தோள்பட்டை மட்டும் மிச்சம். இன்னொரு தடவை சித்தப்பா யாரையோ விட்டு எழுதிப் போட்ட கடுதாசி. அதில் ஊர்ப்பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

"யோவ் பச்சமுத்து, வெள்ளாடு குட்டி போட்டுச்சான்னு கேட்டு எழுதியிருக்கான். இத வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது?" என்று எரிந்து விழுந்தேன்.

"கோச்சிக்காதீங்க சாமி, இன்னம் தேடிப் பாக்கறேன்" என்று பையை மடித்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. அலுப்பில் இருக்கிறவனுக்கு இன்னொருவன் அலுப்பு தெரிவதில்லை.

ஐந்தாவது தடவை ஒரு கட்டு மணியார்டர் சீட்டுகளைக் கொண்டுவந்தார், நூல் போட்டுக் கட்டியிருந்தது. இருசப்பனுக்கு மாதாமாதம் வந்த முதியோர் உதவித்தொகையின் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் இருந்தது. நம்பர் இருந்தால் கோப்பு இருக்கும். கோப்பு இருந்தால் அதில் ஊர், இனம், எல்லாம் இருக்கும். அன்றைக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு மனு எழுதிப் போட்டேன். இருபத்தெட்டு நாள் கழித்துக் கவர் வந்தது.

அன்று ரம்யாவும் வந்திருந்தாள். கவரை என் மேசைமேல் வைத்துத்தான் பிரித்தோம். முதல் பக்கத்தில் போட்டோ. ஒட்டிய கன்னம், கேமராவைக் கண்டு மிரண்ட கண். கீழே மலைக்கிராமத்தின் பெயர், பக்கத்தில் பழங்குடி என்று தெளிவாக இருந்தது. பச்சமுத்து போட்டோவைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். அப்பா முகத்தைப் பார்த்து இருபத்தாறு வருஷம் ஆகிறதாம். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டாம் பக்கம் இருசப்பன் கொடுத்த மனு. முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கையெழுத்து. 'நான் மிகவும் வயோதிகன். எனக்கு ஆண் வாரிசு யாரும் இல்லை. ஆதரிப்பார் எவருமின்றித் தவிக்கிறேன்.'

விஷயம் இதுதான். தலைக்கு மேல் வளர்ந்த மகன் இருந்தால் அந்தக் காலத்தில் உதவித்தொகை கிடையாது. மகன் கஞ்சி ஊற்றுகிறானா, குடகில் கிடக்கிறானா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் என்னிடம் வந்த கிழவன் கிழவி எல்லாரையும் பிள்ளை இல்லாதவர்களாக்கிவிடுவேன். மனு எழுதுகிற எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். பாவம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு வாய்க் கஞ்சிக்கு வழி பண்ணுகிறோம் என்கிற கர்வம்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தை மட்டும் உருவி என் அட்டைக்கு அடியில் சொருகிவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன். அதற்குள் ரம்யா என் தோளுக்கு மேலாகக் குனிந்து சத்தமாகப் படித்துவிட்டாள்.

பச்சமுத்துவின் அழுகை நின்றது. "மவன் இல்லன்னா, அப்ப நான் யாருங்க?"

"இத கொண்டுபோய்க் குடுத்தா எனக்கு தாத்தாவே இல்லன்னு ஆயிடும்" என்றாள் ரம்யா. "யாரு எழுதனது இது?"

"நான்தாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் பார்த்த பார்வைக்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை.

மூன்று பேருமாக அதிகாரி அம்மாவிடம் போனோம். நான் எழுதிய பொய் அது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுத்துல குடுப்பீங்களா? யோசிச்சிக்கங்க. நாளைக்குப் பழைய மனுவ எல்லாம் கிளறினாங்கன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மனு எழுதுகிறவன் நான். அனுப்புநர் என்கிற இடத்தில் என் பெயரை எழுதியதும் அடுத்த வரி வரவில்லை. பயமாக இருந்தது. இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, மூன்றாவதில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மலைக்கு விசாரணைக்குப் போனார்கள். சடையன், சுப்புராயன் என்று இரண்டு பெரியவர்கள், இவன் இருசப்பன் மகன்தான் என்று சாட்சி சொன்னார்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. ரம்யா அதை நாலு தடவை படித்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்க ஓடினாள்.

பச்சமுத்து மட்டும் போகாமல் வேப்பமரத்தடியில் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். நகல் வந்த நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். இப்போது திட்டப்போகிறார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எங்கப்பாரு கைநாட்டு வெக்கறதுக்கு முன்ன, எழுதனத அவருக்குப் படிச்சிக் காட்னீங்களா?"

இருசப்பன் முகம் எனக்கு ஞாபகமில்லை. எத்தனை ஆயிரம் முகம்! ஆனால் என் பழக்கம் எனக்குத் தெரியும்.

"மனு முழுக்கப் படிச்சிக் காட்டுவேன். அந்த ஒரு வரிய மட்டும் யாருக்கும் படிக்க மாட்டேன். படிச்சா கைநாட்டு வெக்க மாட்டாங்க, எழுந்து போயிடுவாங்க."

"அப்ப அவருக்கு அது தெரியாதுங்களா?"

"தெரியாதுய்யா. சத்தியமா தெரியாது."

துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"குடகுல கெடந்த ரெண்டு வருசமும் நான் ஒரு கடுதாசி போடலீங்க" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அந்தக் கோவத்துலதான் மவனே இல்லன்னு சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."