லோடு போடச் சொன்னார், போட்டாள்

ஓசூரில் நான் பேக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் கம்பெனி ஸ்கூட்டருக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிறது. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் பேட்டரி வோல்டேஜ் சட்டென்று பாதியாக விழுந்து எழும். அந்த நேரம் போர்டு சாகக் கூடாது. அதுதான் டெஸ்ட்.

அதற்கு ஒரு ப்ரோக்ராமபிள் பவர் சப்ளை வாங்கினார்கள். எத்தனை வோல்ட், எத்தனை மில்லி செகண்ட் என்று சொன்னால், அதே மாதிரி விழுந்து எழும். அதை வேவ் என்பார்கள். மேனேஜர் லேப்டாப்பில் வேவ் வரைந்தார். அழகாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். போர்டு எல்லாம் பாஸ்.

மெஷின் விற்றவன் அவருக்குப் போன் செய்து, அவுட்புட்டில் லோடு போடாமல் ஓட்டினால் வோல்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும், அந்த டெஸ்ட் செல்லாது என்றானாம். லோடு என்றால் கரண்ட் இழுக்க ஒரு தடித்த ரெசிஸ்டர். மேனேஜர் அப்போது அத்திப்பள்ளி டிராபிக்கில். அங்கிருந்தே டெஸ்ட் பார்க்கும் மங்கம்மாவைக் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மங்கம்மா, லோடு போடும்மா."

"எல்லாமா சார்?"

"ஆமா. ஒண்ணு விடாத. சீக்கிரம்."

எங்களுக்கு லோடு என்றால் டெம்போதான். மங்கம்மா, நான், டிரைவர் மூணு பேரும் ஏற்றினோம். வண்டி கர்நாடக பார்டர் தாண்டிக் கஸ்டமர் கம்பெனிக்குப் போய்விட்டது.

அங்கே ஸ்கூட்டரில் மாட்டி ஸ்டார்ட் பண்ணினால் போர்டு செத்தது. ஒன்று இல்லை, வரிசையாக. கஸ்டமர் பக்கமிருந்து ஒரு கன்னடத்து இன்ஜினியரம்மா வந்தாள். வோல்டேஜைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை எங்கள் மெஷினில் மாட்டிப் பார்த்தாள். வேவ் விழவே இல்லை, சறுக்குமரத்தில் குழந்தை மாதிரி இறங்கியது.

"லேப்டாப்ல கரெக்டா இருக்கே மேடம்," என்றார் மேனேஜர்.

"ஸ்கூட்டர்ல லேப்டாப்பையா மாட்டறீங்க?"

அவர் மங்கம்மா பக்கம் திரும்பினார். "நான் லோடு போடச் சொன்னேன். இவ போடல. நாளையிலருந்து வரவேணாம்னு ஆள் அனுப்புற கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

மங்கம்மா வீட்டில், மூக்கண்டப்பள்ளியில், ஒரே ரூமில் நாலு பேர். அவள் சம்பளம் மட்டும்தான். அழவில்லை.

"போட்டேனே சார்."

"எங்க போட்ட?"

"டெம்போல."

இன்ஜினியரம்மா சிரித்துவிட்டாள். "அய்யோ, டெம்போகே ஹாகித்ரா!" டெம்போவிலா போட்டீங்க என்று கன்னடத்தில். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மேனேஜரைப் பார்த்தாள். "அனுப்பினது எல்லாம் திரும்பி வரும். மறுபடி டெஸ்ட் பண்ணணும். இவங்க போயிட்டா யார் பண்ணுவாங்க? நீங்களா?"

அவர் மெஷினைப் பார்த்தார். ஆன் பட்டன் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. கான்ட்ராக்டருக்குத் திரும்பப் போன் போட்டு, அவள் வரட்டும் என்றார்.

மங்கம்மா ரெசிஸ்டர் மாட்டி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். செத்ததைத் தனியாக வைத்தாள். ஃபால்ட்டைக் கண்டுபிடித்தார் என்று மீட்டிங்கில் மேனேஜருக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மேலே இருக்கிறவர் ஒரே வார்த்தையில் வேலை சொன்னால் நில்லுங்கள். எது, எங்கே என்று கேளுங்கள். இதுகூடத் தெரியாதா என்பார். தெரியாது என்றே சொல்லுங்கள். அந்தத் திட்டு ஒரு நிமிஷம்தான்.