தலையாட்டிய யானை

மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறதென்று எங்கள் காஜா பேராங் தெரு முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. நான் மலாக்காவில் பிறந்தவள். அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்லியும் "பாக்கலாம்" என்பதுதான் பதில். போதாக்குறைக்கு, பஸ் பட்டறை வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கும். ஊருக்குப் போகப் பெட்டி அடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் கேட்காமல் கொள்ளாமல் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு யானை நின்றது. பிரம்பில் கூடு கட்டி, சாக்கு ஒட்டி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தார். வயிற்றுக்குள் லாரி பேட்டரியும், பஸ் கண்ணாடியில் மழைத்தண்ணீர் துடைக்கிற வைப்பரின் மோட்டாரும். காஜா பேராங் என்றால் மலாயில் கோபக்கார யானை என்பதால், தெருமுனை அலங்கார வளைவில் ஒரு யானை வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டார்களாம். ஒயரை மாட்டினார். யானை இடமும் வலமுமாக மெதுவாகத் தலையை ஆட்டியது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் போகிறவன் ஞாபகத்துக்கு ஒன்றை விட்டுப் போவதும் உண்டே என்று மனசு அரித்தது.

வளைவில் ஏற்றி, கழுத்தில் 'மெர்டேக்கா', அதாவது சுதந்திரம் என்ற பலகையை மாட்டி, தலையை ஆடவிட்டார்கள். நம் ஆட்கள் கைதட்டினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மலாய் போலீஸ் சார்ஜன் வந்துவிட்டார். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். வயிற்றில் ஒயர் வைத்த எதையும் சும்மா விடமாட்டார்கள். குனிந்து மோட்டாரைப் பார்த்தார். பிறகு, சுதந்திரப் பலகையை மாட்டிக்கொண்டு இது ஏன் வேண்டாம் என்கிறது, யார் செய்தது என்று கேட்டார்.

மலாயில் ஆமாம் என்று மேலும் கீழுமாகத் தலையசைத்தால் 'அங்குக்', இல்லை என்று இடவலமாக அசைத்தால் 'கெலெங்'. நமக்கு எல்லாமே தலையாட்டுவதுதான், ஆமாம் என்பதற்கும் இடவலமாகத்தான் ஆட்டுவோம். என் வீட்டுக்காரருக்கு மலாய் அரைகுறை. யானை கெலெங் செய்து வரவேற்கிறது என்று மார்தட்டாத குறையாகச் சொன்னார்.

சார்ஜனின் குரல் மாறிவிட்டது. எந்த ஊர், வந்து எத்தனை வருஷம் என்றெல்லாம் விசாரித்தார். கடைசியாக, இந்த நாட்டிலேயே இருக்கப் போகிறாயா என்று கேட்டார்.

இவர் தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக.

நான் குறுக்கே போய், "ஆமாம்னுதான் சொல்றாரு, துவான். எங்க ஆளுங்க அப்படித்தான்" என்று மலாயில் சொன்னேன். சார்ஜன் நம்பினாரோ இல்லையோ, ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். விழா அன்றைக்கு யானை அசையாமல் நின்றது.

சார்ஜனிடம் அடித்துச் சொன்ன எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தத் தலையாட்டல் ஆமாம்தானா? சார்ஜன் வந்துபோன அன்றே, வீட்டுக்கு நடக்கையில் கேட்டேவிட்டேன்.

"தலைய ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க. இருப்பீங்களா?"

ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டே வந்தவர், "நீதான் சொல்லிட்டியே" என்றார்.

அவர் போகவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கடைசிவரை அவரோடு குடித்தனம் நடத்தினேன்.