இரண்டு ஒற்றைக்கண் பூனைகள்

இன்டர்நெட்டில் கண்ணில் படுவதையெல்லாம் பங்கஜம் அக்கா செய்து பார்த்துவிடுவாள். பழைய ஜீன்ஸில் பை, ஆரஞ்சுத் தோலில் விளக்கு, பாட்டிலுக்குள் தோட்டம். அந்தத் தோட்டத்தில் முளைத்தது பூஞ்சைதான். "அதுவும் பச்சையாத்தானே கீது" என்று எனக்கு போட்டோ அனுப்பினாள்.

ஆம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே ஷூ கம்பெனி. அவள் தையல், நான் செக்கிங். போன வருஷம் தோலில் குட்டி மிருகங்கள் செய்யும் வீடியோ ஒன்று அவளிடம் மாட்டியது. அவ்வளவுதான், பேரணாம்பட்டுக்குப் போய்த் துண்டுத் தோல் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள். இதில் மட்டும் கை நன்றாகவே ஓடியது.

அவள் இருக்கும் ஃபேஸ்புக் கைவேலைக் குழு, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. ஆளுக்கு ஒரு பொருள், அதன் முன்னால் செய்தவர் பெயர் எழுதிய அட்டை. அந்த அட்டைதான் அக்காவைப் பிடித்து ஆட்டியது.

"இத்தினி வருஷமா எவ்ளோ ஷூ தச்சிருப்பேன் சௌந்தர்யா! எதுலயாவது என் பேரு கீதா? எவனோ வெள்ளக்காரன் பேருதான்."

விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவள் தெருவில் ஒரு கண் இல்லாத பூனை ஒன்று உண்டு. அதைத்தான் செய்தாள். மண்டபத்தில் டப்பாவைத் திறந்தால் இரண்டு பூனைகள். ஒன்றுக்கு இடது கண் இல்லை, மற்றதற்கு வலது கண் இல்லை.

"இன்னாக்கா இது?"

"ஒண்ணு வெட்டினதும் கை தானா பேட்டர்னைத் திருப்பிப் போட்டுச்சுடி."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இடது வெட்டினால் வலதும் வெட்டியாக வேண்டும். செக்கிங் மேஜைக்கு ஒற்றை ஷூ வந்தால் அது ரிஜெக்ட்.

குழுவை நடத்தும் நாகேந்திரன் வந்து பார்த்தார். "ஒண்ணுதாம்மா வைக்கணும். இதுல எது அசல்?"

அக்கா பதறிப்போய் வீட்டுக்காரர் நந்தகோபாலுக்கு போன் போட்டாள். "நம்ம பூனைக்கு எந்தக் கண்ணுங்க இல்ல?"

"இடது."

"நம்ம பக்கத்துலேர்ந்தா, அது பக்கத்துலேர்ந்தா?"

"இரு, வீடியோல காட்றேன்" என்றார். பூனை ஸ்கூட்டர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மூடித்தான் இருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஒண்ண எடுத்துட்டா இன்னொண்ணு ரிஜெக்ட் ஆன மாதிரி கீது சார். ரெண்டையும் எடுத்துனு போய்ட்றேன்" என்று டப்பாவை மூடப் போனாள்.

எனக்கு வந்ததே கோபம்! "சார், உங்க காலைப் பாருங்க. கடையில ஒரு ஷூ குடுன்னா ஒத்தக் காலுக்கா குடுத்தாங்க? எங்க ஊர்ல ஒண்ணுன்னா ஒரு ஜோடி!"

நாகேந்திரன் குனிந்து தன் ஷூக்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையில் இடம் ஒதுக்கி இரண்டையும் வைத்தார். முன்னால் ஒரே அட்டை: பங்கஜம், ஆம்பூர்.

கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் பூனைகளைப் படம் எடுத்தார்கள். அக்காவும் போனைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து முன்னால் போனாள். பூனைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அட்டையை மட்டும் படம் எடுத்தாள்.