வங்காலைக் கடலில் ஆவுளியா தேடிய மூன்று நாட்கள்

வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் மனிதருக்கு இணையாகக் கூரைத் தகரங்களும் சிமெந்துப் பைகளும் ஏறியிருந்தன. என் காலடியில் யாருடையதோ ஒரு கோழி, சாக்குக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு செட்டிகுளம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

முருங்கனில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையைத் திறந்த சிப்பாயின் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து நீளமான வயர், வயரின் நுனியில் இறப்பர் பூசிய ஓர் உருளை. எங்கள் நாட்டில், அந்த ஆண்டுகளில், வயரும் பெட்டியும் உள்ள பையோடு ஒரு தமிழ்ப் பெண் நிற்பது எப்படியிருக்கும் என்று நான் புறப்படும்போது யோசிக்கவில்லை. நீருக்கடியில் சத்தம் கேட்கும் கருவி என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிச் சற்று நேரம் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். தண்ணீருக்குள் போட்டால்தான் கேட்கும் என்றேன். நான் நீட்டிய அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தபின் போகச் சொன்னார். பஸ்ஸுக்குள் திரும்பியபோது பக்கத்து ஆசனத்துப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போயிருந்தாள்.

நான் வந்த வேலை இதுதான். மன்னார் வளைகுடாவில் ஆழமில்லாத இடங்களில் சாதாளை என்ற கடற்புல் வளர்கிறது. அதை மேய ஆவுளியா வரும். புத்தகங்களில் கடற்பசு என்று எழுதுவார்கள். மனிதரைப்போலக் காற்றை மூச்சிழுத்து, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. அந்தக் கடலின் ஒரு பகுதியில் கடற்படை சுட்டுப் பயிற்சி செய்யும். சுடுவதற்கு முன் ஆவுளியாவோ ஓங்கில் என்கிற டொல்பினோ அங்கே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. எங்கள் ஆய்வுக் குழுவில் மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்ததால் மட்டக்களப்பிலிருந்து இரண்டு நாள் வேலைக்கு நான் அனுப்பப்பட்டேன்.

தள்ளாடிச் சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தேன். முன்னூறு ரூபா கேட்டார் சாரதி. வழிநெடுக அவர் வலப்பக்கத்து இராணுவ முகாமின் முட்கம்பியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் படம் எடுக்க வேண்டாம் என்று எனக்கும் சொன்னார்.

வங்காலையில் தங்க இடம் தந்தவர் அன்ரன். நாற்பது கடந்தவர், என்னை ஏற்றிப்போகும் வள்ளமும் அவருடையதே. பாதிச் சுவர் எழும்பிய வீடு. மேலே நீலத் தறப்பாள். மனைவி ஸ்ரெலாவின் ஊர் அடம்பன் பக்கம். போர் வடக்கே நகர்ந்தபோது குடும்பமாக அதனோடு நகர்ந்து, கடைசிக் கடற்கரை வரை போய், முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள். இதற்குமேல் அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.

முதல் நாள் காலை கரையில் கடற்படைவீரர் ஒருவர் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் துப்பாக்கி, கையில் வோக்கி. என் சொல்லை, சுடப்போகும் பீரங்கிப் படகுக்கு அறிவிப்பது அவர் பொறுப்பு. அன்ரன் அவரை "சேர்" என்று அழைத்து, கைபிடித்து வள்ளத்தில் ஏற்றி, உட்காரும் பலகையைத் தன் சாரத்தால் துடைத்துவிட்டார். கரை மறையும் வரை வள்ளத்தை ஓட்டினார்.

கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. செம்மஞ்சள் மிதவைகள் எல்லையைக் காட்டின. எல்லைக்குள் சிவப்புத் துணி கட்டிய மரச்சட்டம் ஒன்று இலக்காக மிதந்தது. நான் உருளையை நீருக்குள் இறக்கி ஹெட்போனை மாட்டினேன். இறால்களின் நொறுநொறுப்பு, தூரத்தில் ஒரு எஞ்சின், வேறொன்றுமில்லை. கண்ணாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். வீரர் வோக்கியில் சொன்னார். நாங்கள் தொலைவாக விலகிப் போய் நின்றோம். உருளையை மறுபடி இறக்கினேன்.

முதல் வெடி நீருக்குள்ளால் என் காதுக்கு வந்தது. ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. மண்டைக்குள் யாரோ கதவை அறைந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அன்ரனைக் காணவில்லை. வள்ளத்தின் அடியில், மீன்வலைக்கு மேல் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் பிடரியில். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய முதுகு மட்டும் அசைந்தது. வீரர் அதைக் கண்டார். கண்டதும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, முடியும்வரை அப்படியே இருந்தார். அவர் திரும்பாமல் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதேவேளை, என்னையும் அறியாமல் என் கையும் என் பிடரியைப் பொத்தியிருந்தது.

இரண்டாம் நாள் காற்று எழும்பியிருந்தது. சின்ன அலைகள். பார்ப்பது கடினம். நேற்றுப்போல எல்லாம் செய்து, இல்லை என்று சொல்லிவிட்டேன். வீரரும் அறிவித்துவிட்டார். வள்ளம் திரும்பி, மிதவையைத் தாண்டும்போது பின்னால் பார்த்தேன். இலக்குச் சட்டத்துக்கு இப்பால், தவிட்டு நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்து மூச்சு விட்டுத் தாழ்ந்தது. அதன் விலாவோடு ஒட்டி, அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இன்னொரு முதுகு.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைக் காட்டியபின்தான் அன்ரன் நிறுத்தினார். வீரரிடம் சொல்ல வாய் திறந்தபோது அன்ரன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மிஸ், இல்லையெண்டு சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா விளையாடுறம் எண்டு நினைப்பாங்கள். நீங்கள் நாளைக்குப் போயிடுவியள். பாஸ் நிப்பாட்டினா இந்த ஊர் முழுக்கக் கடலுக்குப் போகேலாது."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்போதெல்லாம் ஒவ்வொரு நாளும் பாஸ் எடுத்துத்தான் தொழிலுக்குப் போவார்கள். பீரங்கிப் படகின் மூக்கு இலக்கை நோக்கித் திரும்புவது தெரிந்தது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ தெரியாது. நேரம் இல்லை. குட்டியோடு ஒன்று நிற்கிறது, நிறுத்துங்கள் என்று வீரரிடம் சிங்களத்தில் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். அங்கே அலை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் வோக்கியை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார்.

வெடிச் சத்தம் வரவில்லை. பீரங்கிப் படகு எங்களை நோக்கி வரத் தொடங்கியது.

அது வந்த நேரத்தைப்போல நீண்ட நேரத்தை நான் அறிந்ததில்லை. சாம்பல் நிற உடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அன்ரன் எழுந்து நின்று, அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒருவரும் கேட்காமலே நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதிகாரி மேலிருந்து, எங்கே என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் காட்டினேன். ஒன்றுமில்லை. காத்திருந்தோம். ஒன்றுமில்லை. அதிகாரி தொலைநோக்கியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தபோது, முருங்கனில் என் பைக்குள் நின்றுபோன கையை நினைத்தேன்.

"அந்தா," என்றார் அன்ரன்.

அட்டை பிடித்த கையாலேயே காட்டினார். நான் காட்டிய இடத்திலிருந்து இன்னும் கிழக்கே, இரண்டு மூக்குகள், பெரியதும் சிறியதும், நீருக்கு மேலே வந்திருந்தன. அதிகாரி நன்றாகப் பார்த்தார். அவரோடு நின்ற வீரர்களும் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். அன்றைய பயிற்சியை ஒத்திவைப்பதாக அதிகாரி சொன்னார். பிறகு வள்ளத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். அதைக் கண்டதும் அன்ரன் அட்டையை இன்னும் உயரப் பிடித்தார்.

பிற்பகல் கடற்படைக்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் கேட்டதும் ஸ்ரெலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கும் அன்ரனுக்கும் நடுவில் வந்து நின்றாள். ஒருவர் அன்ரனின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் எழுதினார். எழுதி முடித்து அவராகவே சொன்னார்: நல்ல கண், இனிப் பயிற்சி நடக்கும் நாளெல்லாம் பார்த்துச் சொல்ல வரவேண்டும், நாளைக் காலையும் வரவேண்டும். தண்டனையில்லை. பாராட்டு என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் போனபின் அன்ரன் கதிரையில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லையென்று சொல்ல அவரால் முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கையில் ஸ்ரெலா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினாள். ஆவுளியா எப்படியிருக்கும், குட்டியை எங்கே வைத்துப் பால் கொடுக்கும் என்று கேட்டாள். மார்போடு அணைத்தபடி என்று சொன்னேன். தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள்.

"பிள்ளையோட நிக்குதெண்டு சொன்னவுடன நிப்பாட்டினவங்களோ?"

"ஓம்" என்றேன்.

"எங்கட மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. கடற்கரையில வச்சுத்தான் ஷெல் பட்டது. நானும் வெள்ளைத் துணி பிடிச்சனான், மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. வெளியே அன்ரன் பெற்றோல் கலனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரெலா எழுந்துபோய், உடம்பு சரியில்லையென்று சொல்லிவிட்டு நிற்க ஏலாதோ என்று அவரைக் கேட்டாள்.

"நான் போகாட்டி ஆர் சொல்லுறது?" என்றார் அவர். என்னிடம் போயிட்டு வாங்கோ என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் நடந்தார்.

தள்ளாடிச் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்காக நின்றேன். மட்டக்களப்பில் எங்கள் வீடும் தண்ணீர்க் கரையில்தான் இருக்கிறது. வாவியில் மீன் துள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நித்திரையாகிற ஊர். இங்கே மூன்று நாளும் நான் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

முதல் வெடி தெற்கே கடல் பக்கத்திலிருந்து வந்தது. நிற்பவர்களில் இரண்டொருவர் தலையைத் தாழ்த்தி, பின் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்தார்கள். அடுத்தடுத்து இன்னும் சில. பிறகு திடீரென்று நின்றுவிட்டது.

முடிந்துவிட்டதா, அன்ரன் நிறுத்தினாரா? காத்திருந்தேன். பஸ் வந்தது. நடத்துநர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். ஒரு காலைப் படியில் வைத்தபடி, இன்னும் சற்று நேரம் கடல் பக்கம் கேட்டுக்கொண்டு நின்றேன்.