முடியாது என்று சொன்ன சிப்

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு தையல் கடைக்குப் போனேன். என் மனைவியின் ரவிக்கை செவ்வாய்க்கிழமை கிடைக்குமா என்று கேட்டேன். "கேன் அண்ணே, கேன்! கவலையே படாதீங்க லா!" என்றார் கடைக்காரர். செவ்வாய்க்கிழமை போனால்... துணியை வெட்டவே இல்லை. முகத்தில் அதே சிரிப்பு. "நாளைக்குக் கேன்!"

அவரை மட்டும் குறை சொல்வானேன்? இந்த ஊரில் யார்தான் 'கேனாட்', முடியாது என்கிறார்கள்? முதலாளி கேட்டாலும் 'கேன்', முடியும்; கஸ்டமர் கேட்டாலும் கேன். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன இரண்டு பேரைத்தான் எனக்குத் தெரியும். ஒன்று, ஒரு கம்ப்யூட்டர் சிப். இன்னொருவர், ஸ்டெல்லா. இருவருக்கும் இந்த வாரம் நன்றி சொல்லிவிடப் போகிறேன்.

நான் வேலை செய்வது ஆங் மோ கியோவில், லிஃப்டுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். எங்கே நிற்பது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்று லிஃப்டுக்குச் சொல்லும் புரோகிராமை நாங்கள் நாலு பேர் எழுதுகிறோம். அசெம்பிளி மொழியில் — அதாவது, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல, ஒவ்வொரு வாயாக!

கொஞ்ச காலத்துக்கு முன்னால் ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்ததே, அப்போது நடந்தது இது. போர்டில் இருந்த பழைய எட்டு பிட் சிப்பை விட்டுவிட்டு, புதிய பதினாறு பிட் சிப்புக்கு மாறிக்கொண்டிருந்தோம். முதலாளி மிஸ்டர் லிம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கஸ்டமர் கண் முன்னால் போர்டு ஓடினால் ஆர்டர். ஓடாவிட்டால் வெளிநாட்டுப் போர்டை வாங்கிக்கொள்வார். எங்கள் பிரிவுக்கு மூடுவிழா. எனக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள்.

நம் அடுக்குமாடி லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, தெரியும்தானே? எங்கள் போர்டுக்கு ஒன்று, ஐந்து, ஒன்பது. ஒன்பதை அமுக்கினால் ஒழுங்காகப் போகிறது. ஒன்றை அமுக்கினால் சமர்த்தாகக் கீழே வருகிறது. ஐந்தை அமுக்கினால்... டெஸ்ட் மேஜையில் விளக்கெல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது!

பட்டனை மாற்றினோம். வயரை மாற்றினோம். நான் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா குவீன்ஸ்டவுன் பெண், கத்தோலிக்கர். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம் அவள் மனுப் போட்டாள். "நீங்க அம்மாகிட்ட கேளுங்க அண்ணே, நான் இவர்கிட்ட கேக்குறேன். யாரு முதல்ல வர்றாங்கன்னு பாப்போம்!"

வியாழக்கிழமை காலை மிஸ்டர் லிம்தான் முதலில் வந்தார். "நாளைக்கு ஐந்தை அமுக்காதே. ஒன்று, ஒன்பது மட்டும் காட்டு. கேன் ஆர் நாட்?"

எனக்கு நாக்கு நுனி வரை 'கேன்' வந்துவிட்டது. ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"கேனாட், மிஸ்டர் லிம். ஐந்தாவது மாடியிலும் ஆள் இருக்காங்க."

அவர் முகம் சிவந்தது. "அப்படியானால் இன்றைக்கே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றேன்.

"வாய் சும்மா இருந்தா அஞ்சாவது மாடி வந்துருமா? உக்காருங்கண்ணே."

அவள் செய்தது சின்ன வேலைதான். புரோகிராமில் மாடிகளின் வரிசையை மாற்றி, ஐந்தை முதலில் வைத்தாள். ஐந்து ஓடியது! இரண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட ஒன்றாம் மாடி செத்தது. கோளாறு மாடியில் இல்லை, இடத்தில்!

பிறகு பிடிபட்டது. மெமரி என்பது வரிசையாக நம்பர் போட்ட வீடுகள். லிஃப்ட் போக வேண்டிய தூரத்துக்கு இரண்டு வீடு, மாடி எண்ணுக்கு ஒரு வீடு... ஆக ஒரு மாடிக்கு மூன்று வீடு. ஒரு வீடுகூட வீணாகக் கூடாது என்பது எங்கள் பழைய சிக்கனம். முதல் மாடியின் தகவல் இரட்டைப்படை நம்பரில் தொடங்கினால், இரண்டாவது ஒற்றைப்படையில்தானே தொடங்கும்? மூன்றாவது மறுபடியும் இரட்டைப்படை, அதனால்தான் ஒன்பது தப்பியது. பழைய சிப் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும். புதியது, இரண்டு வீட்டுத் தகவலை ஒற்றைப்படையில் தொடங்கி எடுக்கவே எடுக்காது. கேனாட். நின்றுவிடும்.

வாரம் முழுக்க அந்தச் சிப்பைத் திட்டினேன். இப்போது கையெடுத்துக் கும்பிடுகிறேன். சில சிப்புகள் வாயைத் திறக்காமல் பக்கத்து வீட்டுத் தகவலை எடுத்துக்கொண்டு ஓடுமாம். அப்படி ஓடியிருந்தால்? தப்பான தூரத்தை நம்பி, இரண்டு மாடிக்கு நடுவில், மார்க்கெட் பையோடு யாரோ ஓர் அம்மா மாட்டிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காலி வீட்டைச் சேர்த்தோம். அவ்வளவுதான் வைத்தியம்! சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் ஓடின. மாரியம்மனா, அந்தோணியாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் தேங்காய் உடைத்தேன், அவள் மெழுகுவத்தி ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்தார். மிஸ்டர் லிம் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு வந்து, நேராக ஐந்தை அமுக்கினார்.

விளக்கு ஏறியது. ஐந்தில் நின்றது. கதவுக்கான பச்சை விளக்கு எரிந்தது.

"என் வீடு ஐந்தாவது மாடி" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

மிஸ்டர் லிம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

நாங்கள் நாலு பேரும் இன்றுவரை சம்பளம் வாங்குவது, அந்த ஒரு 'கேனாட்'டில்தான்!