உள்ளே இருப்பவர்

இங்கிலாந்தின் வடக்கே கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கேதான் எனக்கு வேலை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நான் ஆபீசுக்குப் போன் செய்து, இன்ன தெரு, இன்ன வீடு, உள்ளே போகிறேன் என்று சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் இன்னொரு முறை பேச வேண்டும். அந்த இரண்டாவது போன் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். தனியாக வீடுகளுக்குப் போகும் சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் இதுதான் விதி. பகல் வெளிச்சத்திலும் தெருவில் ஒரு ஆள் இருக்க மாட்டார். சன்னல்களில் திரை தொங்கும். "உள்ளே போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போடும்போது, திரும்பி வராதவர்களின் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு வந்ததுபோல இருக்கும். பெரம்பலூர் பக்கம் வேலை பார்த்த வருடங்களில் இந்தத் தொல்லை கிடையாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, ஆபீஸ்காரப் பொண்ணு வருது என்று சேதி எனக்கு முன்னால் தெருவுக்குள் போய்விடும். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியாமல் போன ஒரே வீடு இந்த ஊரில் இல்லை. அது பெரம்பலூர் பக்கத்துப் பூலாம்பாடியில் இருந்தது.

இங்கே வந்து இரண்டு வருடம் கழித்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். வேலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள படிப்பு அது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாதத்தில் சில நாள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நாம் செய்த வேலையையே எடுத்து வைத்து, அதை ஏன் அப்படிச் செய்தோம் என்று வருடக்கணக்கில் குடைய வேண்டும். என் வழிகாட்டி ஹெலன், வெள்ளைத் தலைமுடியும் நிதானமான பேச்சும் உள்ள பெண்மணி. முதல் சந்திப்பில், உன் வேலையில் உன்னை இன்னும் விடாமல் இருப்பது எது என்று கேட்டார். நான் பூலாம்பாடிச் செல்லம்மாவைப் பற்றிச் சொன்னேன். கணவர் மலேசியாவில் காணாமல் போய் வருடங்கள் ஆகியும் அவரை வீட்டிலேயே வைத்திருக்கிறார், தினமும் சோறு போடுகிறார் என்றேன். ஹெலனின் கை தேநீர்க் கோப்பையின் மேலேயே நின்றுவிட்டது. "போலீஸுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பிணத்தை வைத்திருக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. எனக்குத்தான் அப்படிச் சொன்னது சரியா என்று சந்தேகம் வந்தது.

தொண்ணூற்றாறில், திருச்சியில் படிப்பை முடித்த கையோடு பெரம்பலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மகளிர் குழுக்களைக் கூட்டுவது என் வேலை. பூலாம்பாடியில் ஒரு தெருப் பெண்கள் செல்லம்மாவோடு ஒரே பாயில் உட்கார மாட்டோம் என்றார்கள். "அவ வூட்டுல பேச்சுக் குரல் கேக்குதுங்க மேடம். ஆளு வச்சிருக்கான்னும் சொல்ல முடியல. ஆளு இருந்தா எங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றாள் ஒருத்தி. அந்த ஊரில் மலேசியாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. செல்லம்மாவின் கணவர் கலியபெருமாளும் ஏஜெண்டு மூலம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போனவர்தான். முதல் வருடம் போய் வருகிறவர்கள் வழியாகச் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

உச்சி வெயிலில் அவர் வீட்டுக்குப் போனேன். கொடியில் ஓர் ஆண்சட்டை தொங்கியது. துவைக்காதது. காலரில் வியர்வை ஈரம் காயவில்லை. உள்ளே இரண்டு தட்டுகளில் சோறு போட்டு மூடியிருந்தது. நான் சுவரோரம் உட்காரப் போனேன். "அங்க ஒக்காராதீங்க மேடம், அவரு படுத்திருக்காரு," என்றார் செல்லம்மா, தூங்கும் ஆளை எழுப்பிவிடாத குரலில். வெறும் தரை. ஆனால் நான் தள்ளி உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டேன். பேச்சு முடியும்வரை அந்தப் பக்கம் காலை நீட்டவில்லை.

சட்டையின் கதை அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் வெயிலுக்கும் முள்ளுக்கும் சேலைமேல் ஆண்சட்டை போட்டுக்கொள்வார்கள். அதைத்தான் அவரும் செய்தார். மற்றது விளங்கவில்லை. அவர் வெங்காயம் போட்டார், விற்றார், ஒழுகும் கூரையை மாற்றினார். புத்தி பிசகியவர் செய்யும் காரியங்கள் அல்ல அவை. நான் போகும்போதெல்லாம் நடுவில் திரும்பிச் சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு சரி என்று தலையாட்டுவார். அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னால் தாங்க முடியாதது. அறையே காது கொடுப்பதுபோல இருக்கும். அவரிடமிருந்து இல்லாத மனிதரைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலையா, இல்லை அவரை அங்கேயே இருக்க விடுவதா? பதில் தெரியாமலே, இரண்டாயிரத்து ஒன்றில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன். அந்தக் கேள்விதான் என் ஆய்வாயிற்று.

இரண்டாயிரத்து ஐந்தில், முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு டேப் ரெக்கார்டரோடு பூலாம்பாடிக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் கலியபெருமாளின் தம்பி தங்கராசு நின்றிருந்தார். "சேதி தெரியுமா மேடம்? அண்ணன் வந்துட்டாரு."

வந்து இரண்டு மாதமாயிற்றாம். தங்கராசு வீட்டு வாசலில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் கலியபெருமாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டதால் தப்பி ஓடி, பிடிபட்டு, சிறையிலிருந்து வந்து, வேறொருவன் பெயரில் வேலை செய்து வருடங்களை ஓட்டியிருக்கிறார். அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன் என்றார். ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லிப் பேசறது மேடம்? கையில ஒண்ணுமில்ல. பேருகூட நம்ம பேரு இல்ல."

"செல்லம்மாக்கா என்ன சொல்றாங்க?"

"வூட்டுக்குள்ள விட மாட்டேங்குது."

செல்லம்மா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. வந்திருப்பவரைப் பற்றிக் கேட்டதும் பொறுமையாகச் சொன்னார்: "யாரோ பாவம். நல்ல மனுசனாத்தான் தெரியுது."

"முகம் அண்ணன் முகந்தானேக்கா?"

"முகம் அவரு முகந்தான்." கை நிற்கவில்லை. மணிகள் முறத்தில் விழுந்துகொண்டே இருந்தன. "ஆனா அவருதான் உள்ள இருக்காருல்ல."

தங்கராசு, ஒன்று திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் மந்திரிக்கிறவரைக் கொண்டு வர வேண்டும் என்று நின்றார். மந்திரிப்புக்கு நாள்கூடக் குறித்துவிட்டார். வேப்பிலையும் சாட்டையுமாக அந்த ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கலியபெருமாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நான் வாசல்ல நின்னு கேட்டேன் மேடம். அது பேசுது. அப்பறம் சும்மா இருக்குது. அந்தச் சும்மா இருக்கறப்ப உள்ளேருந்து யாரோ பேசற மாரியே இருக்குது. எனக்குப் பயமா இருக்குது." சற்று நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தாளு எப்படிங்க? நான் குடிச்சிட்டு அது மேல கை வச்சவன். உள்ள இருக்கறவரு ஒரு நாளும் வச்சதில்லயாம்."

குன்னத்தில் ஒரு பூத்திலிருந்து ஹெலனுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னது தெளிவாக இருந்தது: நீ இப்போது அங்கே ஆய்வாளர், அவர்களுடைய சமூகப் பணியாளர் இல்லை, நீ கை வைத்தால் எதைக் கண்டாய் என்று உனக்கே தெரியாமல் போகும். சரி என்றுதான் போனை வைத்தேன். மறுநாள் காலை செல்லம்மாவின் வீட்டில் உட்கார்ந்ததும் ரெக்கார்டரை நிறுத்திப் பைக்குள் வைத்தேன்.

"அக்கா, இத அவருகிட்டயே கேட்டீங்களா? வெளியில ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரே, என்ன பண்ணலாம்னு?"

செல்லம்மா என்னைப் பார்த்தார். கேட்காமல் விட்டது தப்புத்தான் என்பதுபோல் முந்தானையை இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மேடம் சொல்றது சரிதானே? என்ன பண்ணட்டும்?"

நானும் காத்திருந்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது, நான் பதிலுக்காகவே காத்திருந்தேன். வெளியே கோழி கொக்கரிப்பது நின்றது. கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதற்காகக் காற்றை இழுப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு செல்லம்மா தலையாட்டினார்.

"வாசல் வரைக்கும் வரட்டும்ங்கறாரு."

தங்கராசுவிடம் மன்றாடி மந்திரவாதியைத் தள்ளிப் போட வைத்தேன். கலியபெருமாள் வாசலுக்கு வந்தார். அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே கேட்டுத்தான் உத்தரவு வந்தது. நான் இங்கிலாந்து திரும்புவதற்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் நனைகிறாரே என்று செல்லம்மா தானாகவே உள்ளே கேட்டார், அனுமதியும் வந்தது. அன்று மூன்று தட்டு வைத்தார். சுவரோரம் இருந்தவரிடம், "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, இவரும் சாப்புடட்டும்," என்றார். கலியபெருமாள் தலை நிமிராமல் சாப்பிட்டார். தனக்கும் சுவரோரம் இருந்தவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

ரெக்கார்டரை நிறுத்தியதையும் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதினேன். ஹெலன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, அதை நீக்க வேண்டாம் என்றார். வாய்மொழித் தேர்வில் ஒருவர், அங்கே யாரோ இருந்ததாக நீங்கள் நம்பினீர்களா என்று கேட்டார். பல வருடமாகத் தயாரித்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை. முதல் நாள் அந்த வெறும் தரைப் பக்கம் காலை நீட்டாமல் மடக்கிக்கொண்டதை மட்டும் சொன்னேன். பட்டம் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பட்டத்தோடு ஊருக்கு வந்தேன். நான் இங்கிலாந்துக்குக் கிளம்பும்போது தனி மாவட்டமாக இருந்து, பிறகு பெரம்பலூரோடு சேர்ந்துவிட்ட எங்கள் அரியலூர், மறுபடியும் தனியாகப் போகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பூலாம்பாடியில் கலியபெருமாள் கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குடியை விட்டுவிட்டாராம். உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது எப்படிக் குடிப்பது என்றார், சிரிக்காமல். செல்லம்மா கொல்லையில் இருந்தார், வீட்டுக்குள் யாரும் இல்லை. கலியபெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்பக்கம் திரும்பிச் சுவரிடம், "போயிட்டு வரேன்," என்றார். கொஞ்சம் நின்றார். பிறகு நடந்தார்.

அன்று பிற்பகல் அரியலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் வெளிநாடு போய், அப்பாவும் இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தேனு, இந்தப் பாலு பொங்குதான்னு பாரு. நான் போயி துணிய எடுத்துட்டு வந்துடறேன்."

"இதோ வரேம்மா," என்று எழுந்து போனேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஒன்னக் கூப்புடல தேனு," என்றாள் மெதுவாக. "நீ போயி ஒக்காரு."

நான் நிலைப்படியிலேயே நின்றேன். அம்மா துணி எடுக்கப் போனாள். பால் பொங்கி மேலே வந்தது. இறக்கி வைக்க வேண்டியது நானா, உள்ளே இருக்கும் அந்தத் தேனுவா என்று தெரியாமல், உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.